சாட்சியும் அதன் ஓசையும்

இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் யிடிஷ் பேசியோர் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர். நாசிகள் கொன்ற சுமார் 60 இலட்சம் யூதருள் மிகப் பெரும்பான்மையினர் இம்மொழிக்குரியவர்கள். யிடிஷ் செத்துவிட்டது என்பது தவறு. நியூயோர்க்கிலும் இஸ்ரேலிலும் ஹசீதிய யூதரின் பிள்ளைகள் இன்றும் அதைப் பேசியே வளர்கின்றனர். ஆனால் வில்னாவின் ஆசிரியரும் வோர்சோவின் தொழிலாளரும் பேசிய யிடிஷ் அந்தத் தெருக்களில் இல்லை. அதைக் கேட்க ஒலிப்பதிவுகளையே நாடவேண்டியுள்ளது.

1946 இல் சிக்காகோவைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் போடர், உருக்குக் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியுடன் ஐரோப்பாவுக்குச் சென்றார். உயிர்தப்பிய நூற்றுக்கும் மேற்பட்டோரை அவரவர் மொழியிலேயே பேசவிட்டார். பின்னர் ஆங்கிலத்தில் பெயர்த்தபோதும் உடைந்த வாக்கியங்களை அவர் செப்பனிடவில்லை. தடுமாற்றமும் சாட்சியத்தின் பகுதியே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1994 இல் ஸ்பீல்பேர்க் நிறுவிய ஷோவா நிறுவனத்திடம் 50,000 க்கு மேற்பட்ட சாட்சியங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ அரைவாசி ஆங்கிலத்தில் உள்ளவை. யிடிஷில் உள்ளவை சில நூறு மட்டுமே. பேரப்பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்ற விருப்பத்தைக் குறைகூற முடியாது. ஆயினும் அதில் ஓர் இழப்பு உண்டு. போலந்து யூதர் ‘டோய்ரே’ என்ற வேதத்தை லித்துவேனிய யூதர் ‘டேய்ரே’ என்றனர். அவர்களுட் பலரின் வாயில் ‘ஷாபெஸ்’ ‘ஸாபெஸ்’ ஆயிற்று. ஒருவர் வாய்திறந்ததுமே அவரது ஊர் தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பில் அந்த ஊர் மறைந்துபோகிறது.

இவ்வூர்களை மீட்டெடுக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஊரியல் வைன்ரைக் 1959 இல் தொடங்கிய மொழிவரைபட ஆய்வு, புலம்பெயர்ந்தோரின் வாய்மொழியைக் கொண்டே சுமார் 600 ஊர்களின் பேச்சைப் பதிந்தது. அண்மையில் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஷோவா நிறுவனத்தின் யிடிஷ் சாட்சியங்களை எழுத்தாக்கி, ஒலியுடன் இணைத்துத் தேடக்கூடிய தொகுப்பாக அமைத்துள்ளனர்.

தாயின் மரணத்தைச் சொல்லும் குரலில் உயிரெழுத்துக்களை எண்ணுவது நாகரிகமா என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். என் பதில் இது: மொழிபெயர்ப்பு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது, யாருக்கு நடந்தது, எந்த ஊரில் வளர்ந்தவருக்கு நடந்தது என்பதை ஓசையே சொல்கிறது. ஆகவே எழுத்தாக்குவோர் பேச்சை நூல்வழக்காகத் திருத்தக்கூடாது. அப்படித் திருத்தப்பட்ட சாட்சியில் நிகழ்ச்சி இருக்கும், மனிதர் இருக்கமாட்டார்.