சமரச மையம் என்பது பஞ்சாயத்து இல்லை

குடும்ப வழக்கு கோர்ட்டுக்குப் போனால், "சமரச மையத்தில் பேசிப் பாருங்கள்" என்று நீதிபதி அனுப்புவது இப்போது சகஜம். உடனே நம் ஆட்களுக்குத் தோன்றுவது: "மறுபடியும் பஞ்சாயத்தா? அதான் மாமா, பெரியப்பா எல்லாம் பேசிப் பார்த்தாச்சே!" இரண்டும் ஒன்று இல்லை. அந்த வித்தியாசம் தெரியாமல் போய் உட்கார்ந்தால் நல்ல வாய்ப்பு வீணாகிவிடும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. வழக்கைக் கோர்ட்டுக்கு வெளியே தீர்க்க அனுப்ப வழிசெய்யும் உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 89, 2002-ல் அமலுக்கு வந்தது. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் இந்தியாவிலேயே அதுதான் முதல். 2013-ல் ஒரு விவாகரத்து வழக்கில், கணவன்-மனைவி தகராறுகளில் சமரச வாய்ப்பை முயன்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

பஞ்சாயத்தில் பெரியவர் தீர்ப்பு சொல்வார். சமரசர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. இரண்டு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கூப்பிட்டுப் பேசுவார். தனியாகச் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் எதிர்த்தரப்பிடம் சொல்ல மாட்டார். அங்கே பேசியதை நாளைக்குக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது. பேச்சு முறிந்தால் "உடன்பாடு ஏற்படவில்லை" என்ற தகவல் மட்டும் நீதிபதிக்குப் போகும். வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சரி, இதனால் என்ன லாபம்? ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அப்பா சம்பாதித்த ஒரே வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மா, அண்ணன், தங்கை என மூன்று வாரிசுகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. தங்கை பாகப்பிரிவினை வழக்கு போட்டால், முதலில் பங்கு இவ்வளவு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். எப்படிப் பிரிப்பது என்பதற்கு அப்புறம் ஒரு இறுதித் தீர்ப்பாணை. பிரிக்க முடியாத வீடு என்றால் விற்பனை வரைக்கும் போகலாம். மென்பொருள் பாஷையில் சொன்னால், கோர்ட் தரக்கூடிய அவுட்புட் வகைகள் குறைவு.

ஆனால் உண்மையான பிரச்சினை வேறாக இருக்கலாம். தங்கைக்கு ஜூனில் மகளின் கல்லூரி ஃபீஸ் கட்டணும். அண்ணனுக்குக் குடியிருக்கும் வீடு போய்விடுமோ என்ற பயம். அம்மாவுக்குக் கடைசி வரை அதே வீட்டில் இருக்கணும். இது வெளியே வந்துவிட்டால், அண்ணன் தங்கையின் பங்குக்குத் தவணையில் பணம் தருவது, முதல் தவணை ஜூனுக்கு முன், அம்மாவுக்கு ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை என்று ஒரு ஒப்பந்தம் போடலாம். கோர்ட் தானாக இப்படி ஒரு தீர்ப்பைத் தருவது கஷ்டம்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் வேலை முடிந்துவிடாது. வழக்கு நடக்கும் கோர்ட்டில் அதைத் தாக்கல் செய்து தீர்ப்பாணை வாங்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் வாக்கு மாறினால் நிறைவேற்றக் கேட்க முடியும். வழக்கே போடாமல் வீட்டில் உட்கார்ந்து பாகம் பிரித்து எழுதினால், அந்தப் பத்திரத்தைப் பொதுவாகப் பதிவு செய்தாக வேண்டும். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021-ல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லாத்துக்கும் இது மருந்தா? இல்லை. அடிக்குப் பயந்த பெண், அடித்தவர் எதிரே உட்கார்ந்து சரிசமமாகப் பேரம் பேச முடியாது. அங்கே முதலில் தேவை 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் ஒரு பாதுகாப்பு உத்தரவு. பேச்சு அதற்கு அப்புறம்தான், அதுவும் அவர் விரும்பினால்.

போகிறவர்கள் ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று யாராவது நெருக்கினால் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "ஒத்துவராது" என்று எழுந்து வரலாம், அதற்குத் தண்டனை கிடையாது. பஞ்சாயத்தில் இந்த வசதி இல்லை.