கண்ணைக் கட்டினால் பழசு எது, புதுசு எது?

நியூசிலாந்தின் புக்கெகோஹியானாலும் சென்னையின் கோடம்பாக்கமானாலும் கிட்டார் வாசிக்கிற இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும்: “என்ன இருந்தாலும் அந்தக் காலத்து ஃபெண்டர் கிட்டார் மாதிரி வருமா? இப்போ வர்றதெல்லாம் மிஷின்ல அறுத்துத் தள்றது.” எதிரில் இருப்பவர் விடமாட்டார்: “பழசுல ஒண்ணு நல்லா இருந்தா இன்னொண்ணு மக்கர் பண்ணும். புதுசுல எதை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.”

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் எந்த உண்மை காதில் இருக்கிறது, எது கையில் இருக்கிறது, எது விலைச்சீட்டில் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. மின் கிட்டாரைப் பொறுத்தவரை அப்படிப் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமும் அல்ல.

ஒரே கிட்டார், இரண்டு தீர்ப்பு

வெங்காயத்துக்குப் பேர்போன புக்கெகோஹியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே போனால் ஆக்லாந்து நகரம். அங்கே 1960களில் ஜேன்சன் என்ற பெயரில் மின் கிட்டார்கள் தயாராயின. அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற 1938-இல் நியூசிலாந்து அரசு கொண்டுவந்த இறக்குமதி உரிம முறை அப்போதும் நடப்பில் இருந்தது. ஃபெண்டர் போன்ற அமெரிக்கக் கிட்டார் எளிதில் கைக்கு எட்டாத பண்டம். இங்கிலாந்தின் ஷாடோஸ் குழுவில் ஹாங்க் மார்வின் சிவப்பு நிற ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாசித்ததைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் ஏங்கிக் கிடந்த காலம். கிடைக்காத ஃபெண்டருக்கு மாற்றாகத்தான் பலர் கையில் ஜேன்சன் ஏறியது. இன்று அதே ஜேன்சனைத் தேடிப்பிடித்து, பழுது பார்த்து வாசிக்கிறவர்கள் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். மரம் அதேதான், காந்தம் அதேதான். தீர்ப்பு மட்டும் மாறிவிட்டது.

உலகத்தின் மிக விலையுயர்ந்த மின் கிட்டார்களுக்கும் இதே கதைதான். கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த ‘சன்பர்ஸ்ட்’ லெஸ் பால் கிட்டார்கள் ஏறத்தாழ 1,500 மட்டுமே. அவை சரியாக விற்கவில்லை என்று 1961-இல் அந்த வடிவத்தையே நிறுவனம் கைவிட்டது. 1966-இல் எரிக் கிளாப்டன் அந்த வகைக் கிட்டாரோடு ஒரு புளூஸ் இசைத்தட்டில் வாசித்த பிறகு இளைஞர்கள் அதைத் தேட ஆரம்பித்தார்கள். 1968-இல் கிப்சன் மறுபடி லெஸ் பால் தயாரிப்பில் இறங்கியது. கடையில் தேங்கிய அந்தப் பழைய சரக்குதான் இன்று லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது.

ஃபெண்டர் ரசிகர்கள் 1965-ஐக் கோடாகப் போட்டுப் பேசுவார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதன்பின் செலவைக் குறைக்க எத்தனையோ மாற்றங்கள் வந்தன. 1971 வாக்கில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தை உடலோடு பிணைக்கும் நான்கு திருகுகள் மூன்றாயின. ‘எழுபதுகளின் ஃபெண்டரா, வேண்டாம்’ என்று ஒதுக்கியவர்கள் ஏராளம். ஐம்பது வயதைத் தொட்டதும் அவையும் ‘விண்டேஜ்’ என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகின்றன. மூன்று திருகு நான்காகிவிடவில்லை.

சத்தம் எங்கே பிறக்கிறது?

மின் கிட்டாரின் உடல் பெரும்பாலும் கெட்டி மரக்கட்டை. வீணையின் குடம்போலக் காற்றை அதிரவைத்து ஒலி கொடுப்பது அதன் வேலை அல்ல. தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் ‘பிக்கப்’ என்ற பாகத்துக்குத்தான் இங்கே முக்கிய வேலை. ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் ஆறு காந்தத் துண்டுகளும், அவற்றைச் சுற்றி 0.06 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பியும் தெரியும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் அந்தக் கம்பி ஏறத்தாழ 8,000 சுற்று ஓடுகிறது. காந்தப் புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். பிறப்பது மில்லிவோல்ட் கணக்கிலான மின்னழுத்தம். அதைப் பெருக்கிக் கொடுப்பது ஆம்ப் எனப்படும் ஒலிபெருக்கி.

இந்தச் சுருளும், கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளும் சேர்ந்து ஒரு மின்சுற்று. கேபிளுக்கு மின்தேக்கும் தன்மை உண்டு. ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். சுருளின் மின்தூண்டல் 2.5 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் கேபிளோடு இந்தச் சுற்று ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். அந்த இடத்தில்தான் கிட்டாரின் ‘பளிச்’ உட்கார்ந்திருக்கிறது. கேபிளை 10 மீட்டராக்கினால் அது 3,200 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஒலி மங்கும். மரத்தின் வயதைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர், காலடியில் சுருண்டு கிடக்கும் ஒயர் தன் டோனை மாற்றுகிறது என்பதை மறந்துவிடுகிறார்.

பழைய பிக்கப்புக்குத் தனிக்குணம் உண்டு என்பது பொய்யல்ல. ஃபெண்டர் ஆலையில் 1956-இல் வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா போன்றவர்கள், சுழலும் இயந்திரத்தில் கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றினார்கள். கம்பி சீராக அடுக்கப்படாமல் இடைவெளி விட்டுப் படியும். அதனால் சுருளின் மின் குணம் சற்று மாறும். கிப்சனில் செத் லவர் வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இரட்டைச் சுருள் பிக்கப்பிலும் இதே நிலை. அவற்றில் ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 5,000 சுற்று, ஒன்றுக்கொன்று முன்னே பின்னே. காந்தங்களும் ஒரே தரத்தில் வரவில்லை. ஆக, பழசின் மந்திரம் என்பது பெரும்பாலும் ஒழுங்கின்மை. அது சில கிட்டார்களில் தேனாக அமைந்தது, சிலவற்றில் அமையவில்லை. அமையாதவற்றைப் பிக்கப் மாற்றியோ, மூலையில் போட்டோ மறந்துவிட்டோம். பழங்கால வீடுகளெல்லாம் உறுதி என்று சொல்லும்போது இடிந்துபோன வீடுகள் கணக்கில் வராததைப்போல.

மரத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் அல்ல. ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஹெல்முட் ஃபிளைஷர், டில்மன் ஸ்விக்கர் இருவரும் 1990களில் மின் கிட்டார்களின் அதிர்வை அளந்தார்கள். கழுத்து எந்த அதிர்வெண்ணில் எளிதாக ஆடுகிறதோ, அந்த ஸ்வரத்தை வாசிக்கும்போது தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்கிறது; நாதம் சட்டென அடங்குகிறது. கலைஞர்கள் இதை ‘டெட் ஸ்பாட்’ என்பார்கள். இது கழுத்துக்குக் கழுத்து மாறும். புதுசிலும் வரும், பழசிலும் வரும். இன்னொரு பக்கம், நாஷ்வில்லைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஜிம் லில் 2021-இல் கிட்டார் உடலே இல்லாமல் ஒர்க் பெஞ்சுகளுக்கு இடையே தந்திகளை இழுத்துக் கட்டி, பிக்கப்பை வைத்து வாசித்துக் காட்டினார். விலையுயர்ந்த கிட்டாரின் ஒலிக்கு மிக அருகில் அது வந்தது. ஆய்வகச் சோதனை அல்லதான். ஆனால் கேட்டவர்களை யோசிக்கவைத்தது.

கைக்குத் தெரியும் வித்தியாசம்

காதைவிடக் கை கறாரான நீதிபதி. புதுக் கிட்டாரின் கழுத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். சிலவற்றில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளின் முனைகள் சுரீரென்று உறுத்தும். காற்றில் ஈரம் குறைந்தால் மரம் சுருங்கும். உலோக ஃபிரெட் சுருங்காது. எனவே முனை வெளியே நீட்டிக்கொள்கிறது. பல ஆண்டுகள் வாசித்த கிட்டாரில் ஓரங்கள் விரல் பட்டுப் பட்டு வழுவழுப்பாகியிருக்கும். பழசை எடுத்தவுடன் ‘ஆஹா’ என்று தோன்றுவதற்கு முக்கியமான காரணம் இந்த ஓரம்தான். தயாரிப்பாளர்களும் இதைக் கண்டுகொண்டார்கள். ஃபெண்டரின் சில புதிய மாடல்களில் ஆலையிலேயே ஓரத்தை உருட்டி அனுப்புகிறார்கள்.

கைப்பழக்கத்தை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஒரு பாடம். கிப்சன் அந்த ஆண்டு பெரும்பாலான மாடல்களில் தானாகச் சுருதி சேர்க்கும் மோட்டார் கருவியைப் பொருத்தியது. கழுத்தை அகலமாக்கியது, விலையையும் ஏற்றியது. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல அதிகமில்லை. வாசிப்பவர்களோ கொதித்தார்கள். அடுத்த ஆண்டே பழைய பாணி மாடல்களைத் தனி வரிசையாகக் கொண்டுவர நேர்ந்தது.

இருட்டறைத் தீர்ப்பு

பழசா புதுசா என்ற கேள்வியை நேர்மையாக விசாரித்தவர்கள் வயலின்காரர்கள். பிரான்ஸின் ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் அமெரிக்க வயலின் கைவினைஞர் ஜோசப் கர்டினும் குழுவாகச் சேர்ந்து 2010-இல் இண்டியானாபொலிஸில் ஒரு சோதனை நடத்தினார்கள். 21 கலைஞர்கள்; ஆறு வயலின்கள். அவற்றில் மூன்று புதியவை; மீதி பழம்பெரும் இத்தாலிய வயலின்கள், இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. வெல்டிங் கண்ணாடி மாட்டி, வாசனையால் பழசைக் கண்டுபிடித்துவிடாதபடி நறுமணமும் பூசி, மங்கலான அறையில் வாசிக்கவைத்தார்கள். அதிகம் பேர் விரும்பியது ஒரு புதிய வயலின். கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரிக்கு. பிறகு 10 தனிக் கலைஞர்களையும் 12 வயலின்களையும் வைத்து பாரிஸ் பக்கம் நடந்த சோதனையில் ஆறு பேர் புதியதையே தேர்ந்தெடுத்தார்கள்.

கிட்டார் பக்கமும் ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர், பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் வேறுபட்ட ஆறு அக்கூஸ்டிக் கிட்டார்களை ஒரே கைவினைஞரிடம் செய்யச் சொன்னார்கள். 52 கிட்டார் கலைஞர்கள் கண் மறைத்து வாசித்தார்கள். அரிய பிரேசில் ரோஸ்வுட் முதல் மலிவான மரம் வரை, மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2018-இல் வெளியான ஆய்வு இது. மின் கிட்டாரில் மரத்தின் பங்கு அதைவிடக் குறைவு.

நம் மலையில் நிற்கும் மரம்

பழசா புதுசா என்ற இந்தச் சண்டை நமக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றலாம். ஆனால் ஃபெண்டர் கழுத்தின் மேல் ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புப் பலகை பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட். கூடலூர், வயநாடு பக்கம் ஈட்டி என்றும், தோதகத்தி என்றும் சொல்கிற அதே மரம். பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று தமிழக அரசு 1994-இல் சட்டமே இயற்றியது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் மர இறக்குமதி விதிமீறல் சந்தேகத்தில் கிப்சன் ஆலைகளில் சோதனை போட்டு எடுத்துப்போனவற்றில் இந்திய ஈட்டியும் கருங்காலியும் இருந்தன. 2017 ஜனவரியில் ஈட்டி அடங்கிய மரப் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

உடனே ஃபெண்டர் தன் மெக்சிகோ மாடல்களில் ஈட்டியை விட்டுவிட்டு, தென் அமெரிக்காவின் பாவ் ஃபெர்ரோ மரத்துக்கு மாறியது. நிறம் வெளிறியிருக்கிறது, பழைய மாதிரி இல்லை என்று முணுமுணுப்பு கிளம்பியது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. 2024-இல் வந்த பிளேயர் II வரிசையில் ஈட்டி திரும்பிவிட்டது, உருட்டிய ஓரத்தோடு.

உருட்டிய ஓரம் கைக்குத் தெரியும் நன்மை. அதற்குக் காசு கொடுக்கலாம். ஈட்டியின் கருஞ்சிவப்பு கண்ணுக்கு மட்டும் தெரியும் நன்மை. அதற்கான விலையை வாங்குகிறவரோடு சேர்ந்து ஒரு காடும் கொடுக்கிறது. கிட்டார் வாங்கப் போகிறவர்கள் ஒரு நண்பரைக் கூட்டிப் போகட்டும். ஒரே கேபிள், ஒரே ஆம்ப், புதுத் தந்திகள். கண்ணை மூடிக்கொண்டு, விலையைக் கேட்காமல் நாலைந்து கிட்டார்களை வாசிக்கட்டும். கைக்கும் காதுக்கும் பிடித்தது பழசோ புதுசோ, எடுத்துக்கொள்ளலாம். கண்ணைத் திறந்த பிறகுதான் ஒரு கிட்டார் உயர்ந்ததாகத் தெரிகிறது என்றால், கூடுதல் பணம் போவது பெயருக்கும் நிறத்துக்கும்தான்.