இன்னுமா படிப்பு முடியவில்லை?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவிலோ நவராத்திரிக் கொலுவிலோ நாலு குடும்பங்கள் ஒன்றுகூடினால், பேச்சு பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பில் வந்து நிற்கும். பிழைப்பைத் தேடி வடக்கே வந்த நமக்கு இங்கே நிலமில்லை, நீச்சில்லை. பிள்ளைகளின் கல்வி ஒன்றே நாம் சேர்க்கும் ஆஸ்தி. ஆதலால் பொறியியல் என்றால் நான்கு வருஷம், மருத்துவம் என்றால் ஐந்தரை வருஷம் என்று எல்லோருக்கும் கணக்கு மனப்பாடம். ஆனால் முப்பது வயதை நெருங்கும் ஒரு பெண்ணோ பிள்ளையோ, "ஆராய்ச்சி செய்கிறேன்" என்று சொல்லும்போது நம் கணக்கு தடுமாறிப் போகிறது. "இன்னுமா படிப்பு முடியவில்லை?" என்ற கேள்வி எழுகிறது.

அக்கேள்வியில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, அக்கறையே உள்ளது. எனினும், டாக்டர் பட்டத்துக்காக உழைப்போரின் கடைசி ஆண்டு எத்தகையது என்பதை அறிந்தோமானால், கேள்வியை விட்டு உதவியில் இறங்குவோம். அதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பள்ளி இறுதிப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் சேர்ந்த குமாஸ்தா. ஆனால் என் தங்கை டில்லியில் சரித்திர ஆராய்ச்சி மாணவி. அவளிடம் கேட்டும், விதிகளைத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை நாக்பூரில் இருந்துகொண்டு எழுதுகிறேன்.

கால அட்டவணை இல்லாத படிப்பு

மற்றப் படிப்புகளுக்குப் பாடத்திட்டம் உண்டு. பரீட்சைத் தேதி உண்டு. ஆராய்ச்சிப் படிப்பில் தொடக்கத்தில் மட்டுமே வகுப்புகள். பல்கலைக் கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, மாணவர் குறைந்தது 12 மதிப்பலகுகளுக்குப் பாடம் பயின்று, நூற்றுக்கு 55 மதிப்பெண்ணாவது பெற வேண்டும். அதற்குப் பின் வகுப்பறை இல்லை. தமக்குரிய கேள்வியைத் தாமே கண்டெடுத்து, அதற்கு இதுவரை எவரும் சொல்லாத விடையைத் தேடிச் செல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆலோசனைக் குழுவின் முன் தோன்றி, செய்த வேலையைச் சொல்ல வேண்டும். போட்டு வைத்த தண்டவாளத்தில் வண்டி ஓட்டுவது ஒரு வேலை. தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டே போவது வேறு வேலை. முன்னதற்கு வந்து சேரும் நேரத்தை நிமிஷக் கணக்கில் சொல்லலாம். பின்னதற்குச் சொல்ல இயலாது.

எல்லையே இல்லை என்பதும் அன்று. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு என்பது பொது விதி. மறுபதிவின் பேரில் மேலும் இரண்டு ஆண்டு வரை இடமுண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேற்பட்ட உடற்குறை உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. பிரசவத்துக்காகவோ குழந்தையைப் பேணுவதற்காகவோ ஆராய்ச்சி மாணவியர் 240 நாள் வரை விடுப்புப் பெறலாம். கல்யாணமானதும் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான் என்று எண்ணும் குடும்பங்கள் இந்தச் சலுகைகளை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாளின் வேலை

என் தங்கையின் ஆராய்ச்சிப் பொருள், 1928-ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம். பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்க்கத் தொடங்கியபோது எழுந்த ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்த சம்பவம் அது. சிங்காரவேலர் சிறை சென்றதும் அதன் தொடர்பாகவே. அதற்கான ஆவணங்களில் ஒரு பகுதி டில்லி ஜனபத் சாலையிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், மற்றொரு பகுதி சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. ஆகவே அவள் பலமுறை கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் நாக்பூர் ஸ்டேஷனில் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தோடு நான் நிற்பேன். வண்டி நிற்கும் சில நிமிஷங்களில் அவள் பேசுவதெல்லாம் கோப்புகளைப் பற்றியே இருக்கும்.

இப்போது கடைசிக் கட்டம். காலையில் விடுதியில் உணவருந்திவிட்டு நூலகத்துக்குச் செல்கிறாள். முதல் நாள் எழுதிய நாலு பக்கத்தைப் படித்து, இரண்டு பக்கத்தை அடித்துவிடுகிறாள். ஓர் அடிக்குறிப்பில் காணும் தேதி சரிதானா என்று பார்க்க அரைநாள் போகும். ஒரு கோப்பைக் கேட்டு வாங்கி முழுதும் புரட்டியும், தேடிய செய்தி அதில் இல்லாமற் போகும். அந்த நாள் கணக்கில் ஏறாது. மாலையில் ஆசிரியையைச் சந்தித்தால், மூன்றாம் முறை திருத்திய அத்தியாயம் நான்காம் திருத்தத்துக்காகத் திரும்பி வரும். இரவு பத்து மணிக்கு நாம் தொலைபேசியில், "இன்று என்ன செய்தாய்?" என்று கேட்டால், "ஒரு பாரா எழுதினேன்" என்பாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தோன்றும். ஆனால் அந்த ஒரு பாராவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு அவளுடையது.

பணம் நிற்கும் இடம்

கடைசி ஆண்டின் மெய்யான கஷ்டம் வேறொன்று. தேசியத் தகுதித் தேர்வில் தேறி உபகாரச் சம்பளம் பெறுவோருக்கு 2023 ஜனவரி 1 முதல் முதல் இரண்டு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாயும், அதன் பிறகு 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. ஆனால் இது ஐந்து ஆண்டுக்கே. படிப்புக்கோ ஆறு ஆண்டும், அதற்கு மேலும் கெடு உண்டு. அதாவது எழுத்து வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வருமானம் நின்றுபோகலாம். உபகாரச் சம்பளமே இல்லாதவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் அது நேர்ந்தது. அவள் சேர்ந்தது 2020-இல். பெருந்தொற்றின் காரணமாக ஆவணக் காப்பகங்கள் மூடிக் கிடந்த காலம். முதல் ஆண்டின் பெரும்பகுதி அவ்வாறே போயிற்று. உபகாரச் சம்பளம் 2025-இல் நின்றபோது இரண்டு அத்தியாயங்கள் மிஞ்சியிருந்தன. "அண்ணா, ஒரு பயிற்சி நிலையத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஏட்டை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு நாள் சொன்னாள். நானும் அம்மாவும் அன்றிரவு கணக்குப் போட்டோம். விடுதிக் கட்டணம், உணவு, அச்சுச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 14,000 ரூபாய் வந்தது. என் சம்பளத்தில் வீட்டு வாடகையும் என் குழந்தைகளின் பள்ளிக் கட்டணமும் போனால் அவ்வளவு மிஞ்சாது. தங்கையின் கல்யாணத்துக்கென்று அம்மா அஞ்சலகத்தில் சேர்த்து வைத்திருந்த பணம் ஒன்றே இருந்தது. அம்மா எழுதப் படிக்க மட்டும் தெரிந்தவள். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நகையை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பாதியில் நின்றதை யார் முடிப்பார்கள்?" என்றாள். மறுநாளே பணத்தை எடுத்தோம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. "எப்போது முடியும்?" என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக அம்மா, "இன்று அந்தக் காலத்துக் கதையில் என்ன படித்தாய்?" என்று கேட்பாள். எங்கள் கொள்ளுத் தாத்தா பொன்மலையில் வேலை பார்த்தவர். ஆகையால் அம்மாவுக்கு அதில் தனி ஆவல். தங்கையும் உற்சாகமாகச் சொல்லுவாள். கதையைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே எழுதுகிறவருக்குப் பெரும் பலம் என்று பின்னர் அவளே சொன்னாள்.

மைல் கற்கள்

எழுதி முடித்த அன்றே பட்டம் கைக்கு வந்துவிடாது. இனிக் கடக்க வேண்டிய மைல் கற்களையும் அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது, துறையின் ஆசிரியர்களும் சக மாணவர்களும் கூடிய அவையில் ஆய்வின் முடிவுகளைச் சொல்லி, அவர்கள் கூறும் குறைகளைக் கேட்டுத் திருத்துவது. இரண்டாவது, பிறர் எழுத்தை எடுத்தாளவில்லை என்பதைக் கணிப்பொறியின் மூலம் சோதிப்பது. 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, பிற நூல்களோடு ஒத்திருக்கும் பகுதி 10 சதவீதத்துக்கு மேற்படலாகாது. 60 சதவீதத்துக்கு மேற்பட்டால் பதிவே ரத்தாகும்.

மூன்றாவது, அச்சிட்டுக் கட்டுவது. டில்லிப் பல்கலைக் கழகத்தின் வடக்கு வளாகத்தை ஒட்டிப் பட்டேல் செஸ்ட் என்ற பகுதி இருக்கிறது. நகல் எடுக்கும் கடைகளும், ஆய்வேடுகளைக் கட்டிக் கொடுக்கும் கடைகளும் அங்கே வரிசையாக உள்ளன. பொன்னெழுத்தில் தம் பெயர் பொறித்த கனத்த அட்டையைக் கையில் வாங்கும் மாணவர்களின் முகத்தை அங்கே பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையை வாங்கும் முகம் அது.

நான்காவது, காத்திருப்பது. ஆய்வேடு வெளியிலிருந்து குறைந்தது இரண்டு நிபுணர்களுக்கு அனுப்பப்படும். அவர்கள் எழுதும் அறிக்கை திருப்தியாக இருந்தால் வாய்மொழித் தேர்வு நடக்கும். ஏட்டைச் சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இவை யாவும் முடிய வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு விதி. இந்த மாதங்களில் மாணவருக்குச் சம்பளமும் இல்லை, பட்டமும் இல்லை. விடுதியையும் காலி செய்ய நேரிடலாம். "முடித்துவிட்டாயே, இன்னும் வேலைக்குப் போகவில்லையா?" என்ற அடுத்த கேள்வி எழுவது இப்போதுதான். அதையும் நாம் தவிர்த்துவிடலாம்.

வாய்மொழித் தேர்வு மூடிய கதவுக்குள் நடப்பது அன்று. பிற ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் வந்து கேட்கலாம். அதில் தேறியபின், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நிலையம் நடத்தும் 'சோத்கங்கா' என்ற கணிப்பொறிக் களஞ்சியத்தில் ஆய்வேடு சேர்க்கப்படும். நாட்டின் பல்கலைக் கழகங்களிலிருந்து வந்த லட்சக்கணக்கான ஏடுகள் அங்கே உள்ளன. காசு கொடாமல் எவரும் படிக்கலாம்.

ஒரு குமாஸ்தாவுக்குக் கிடைத்த அவகாசம்

அவகாசத்தின் அருமைக்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன் எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். 1912-இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மறு ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கியது. அதன் பின்னரே 1914-இல் கேம்பிரிட்ஜ் பயணம். 1916-இல் ஆராய்ச்சிக்காக அங்கே பி.ஏ. பட்டம். இன்றைய டாக்டர் பட்டத்துக்கு முன்னோடியாக விளங்கியது அப்பட்டமே. மேதைமை அவருடையது, ஆனால் சோற்றுக் கவலையின்றிச் சிந்திக்கும் அவகாசத்தைப் பிறர் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் எல்லோரும் ராமானுஜன் அல்லர். ஆயினும் அவகாசம் எல்லோருக்கும் வேண்டும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

ஆராய்ச்சியில் சேரும் நாளன்றே, பதிவுத் தேதியையும் உபகாரச் சம்பளம் நிற்கும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டுக்கும் இடையே விழும் பள்ளத்தை நிரப்ப முதல் ஆண்டிலிருந்தே மாதம் சிறு தொகையாவது சேமிக்கச் சொல்லுங்கள். ஏட்டைச் சமர்ப்பிக்கும் மாதத்தை நம்பிக் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த மாதம் தள்ளிப்போகும். வீட்டில் நோய் நொடி என்றால் மறைக்க வேண்டாம். ஆனால் சிறு பிணக்குகளைத் தினமும் தொலைபேசியில் ஏற்றவும் வேண்டாம்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதல் மதிப்பெண் பெறும் பிள்ளைகளுக்கு நாம் ஆண்டுதோறும் பரிசளிக்கிறோம். மிக நல்ல காரியம். அதனோடு, ஏடு எழுதும் கடைசி ஆண்டில் உள்ள நம் குடும்பத்து மாணவர் ஒருவருக்கு வட்டியில்லாக் கடனாக ஆறு மாதச் செலவைக் கொடுத்தால் என்ன? விடுமுறைக்கு வீடு வரும் மாணவர் அமைதியாக எழுத, பகலில் பூட்டிக் கிடக்கும் நம் கூட்ட அறையில் ஒரு மேஜையும் விளக்கும் ஒதுக்கினால் என்ன? இரண்டு அறை வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தின் நடுவே ஆய்வேடு எழுதுவது எளிதன்று. வேலை கிடைத்ததும் அவர் கடனைத் திருப்பித் தந்தால், அதே தொகை அடுத்தவருக்கு உதவும்.

ஒவ்வோர் ஆய்வேட்டின் முன்பக்கத்திலும் நன்றியுரை என்று ஒரு பகுதி இருக்கும். வழிகாட்டிய ஆசிரியர், நூலகத்தார், நண்பர் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். கடைசியில் குடும்பத்தாரின் பெயர்கள் வரும். பள்ளிக்கூடத்தில் அதிகம் படியாத பெற்றோரின் பெயரும் அவ்வாறு அச்சேறிப் பல்கலைக் கழக நூலகத்தில் நிலைத்திருக்கும். பொறுமையோடு காத்திருந்ததற்காகவே அந்த இடத்தைப் பெறலாம் என்றால், நாம் அனைவரும் அதற்குத் தகுதி பெற முயல்வோமாக.