ஆசிரியருக்கு யார் ஆசிரியர்?

நான் பௌதிகம் கற்பிக்க வந்த முதல் ஆண்டு. ஒளித்துகள்களை எண்ணும் முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவர் எழுந்து, "ஏன் ஸார், அப்படித்தான் எண்ண வேண்டுமா?" என்றார். எனக்கு விடை தெரியாது. "அது மேல் வகுப்புப் பாடம்" என்று சொல்லி அவரை உட்கார வைத்துவிட்டேன். அடுத்த அறையில் அநுபவம் மிக்க மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய்க் கேட்க வெட்கம். 'இதுகூடத் தெரியாமலா பாடம் நடத்துகிறான்?' என்று நினைத்துவிட்டால்?

அந்த எண்ணும் முறைக்கு மூலவரான சத்தியேந்திரநாத் போஸை இந்த வெட்கம் பிடித்ததாகத் தெரியவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் அவரும் மேகநாத் சாஹாவும் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். இருவரும் 1915-இல் கணிதத்தில் பட்டம் பெற்றவர்கள். நடத்த வேண்டியிருந்ததோ புதிய பௌதிகம். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நூல்களோ பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். இரவல் வாங்கிப் படித்து, ஒருவருக்கு ஒருவர் ஆசிரியராக இருந்துகொண்டே வகுப்பும் நடத்தினார்கள். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை அவர்கள் ஆங்கிலத்தில் பெயர்க்க, 1920-இல் அப்பல்கலைக் கழகமே அதை நூலாக்கியது.

பிறகு போஸ் டாக்காவுக்குப் போனார். அங்கே பிளாங்க் விதியை வகுப்பில் வருவித்துக் காட்டும்போது அவருக்கே திருப்தி ஏற்படவில்லை. பாதி பழைய பௌதிகம், பாதி புதியது! 1924-இல் சாஹா அங்கு வந்து தங்கியபோது, அப்போது வெளிவந்திருந்த கட்டுரைகளை எடுத்துச் சொன்னார். பழைய பௌதிகத்தின் தயவின்றியே போஸ் அவ்விதியை வருவித்தது அதற்குப் பிறகுதான்.

வழி இதுதான். இரண்டு காசுகளைச் சுண்டினால், இரண்டும் பூ விழ வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்காசு பூ, மற்றது தலை என்பது ஒரு வகை. முதற்காசு தலை, மற்றது பூ என்பது வேறு வகை. ஒளித்துகள்களிலோ முதலாவது, இரண்டாவது என்ற பேச்சே இல்லை. ஆகவே அவ்விரு வகையும் ஒன்றே. வாய்ப்பு மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. தாம் செய்தது புதுமை என்பதே அப்போது தமக்குத் தெரியாது என்று போஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பியபோது, அதை ஜெர்மனில் பெயர்க்கும் அளவுக்குத் தமக்கு அம்மொழி வராது என்றும் கூசாமல் எழுதினார். ஐன்ஸ்டைனே மொழிபெயர்த்து அவ்வாண்டே வெளியிடச் செய்தார்.

இதையெல்லாம் படித்த பின்தான் எனக்குத் துணிவு வந்தது. மூத்தவரின் அறைக்குப் போய், மாணவர் கேட்ட கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கும் அது நெடுநாள் சந்தேகம், யாரிடம் கேட்பது என்றுதான் இருந்தேன், உட்காருங்கள்" என்றார். இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து தெளிவு பெற்றோம்.

அந்த மாணவர் அதற்குள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.