வெங்காயமும் அக்குளும்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் பெண் வாசகர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "ரெண்டு வேளை குளிக்கிறேன், சோப்பையும் மாத்திப் பாத்தாச்சு. வேலைக்குப் போன கொஞ்ச நேரத்துலயே வேர்வை வாடை வந்துடுது. எங்கிட்ட சுத்தம் பத்தலையா?" பெண்கள் நூற்பாலை வேலைக்குப் போகும் அய்யலூர், வடமதுரை, வேடசந்தூர் பக்கம் இதை அழகுக் குறிப்புப் பகுதிக்குத் தள்ளிவிட முடியாது. நூல் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக நூற்பாலைக்குள் ஈரப்பதத்தை 55, 60 சதவீதம் என்று பிடித்துவைப்பது வழக்கம். நூலுக்கு அது சுகம்; ஷிப்ட் முழுக்க அதற்குள் நிற்கும் பெண்ணுக்கு வேர்வை உலராது. சுத்தம் பத்தவில்லையா என்ற கேள்விக்கு நேரான பதில்: இந்த வாடையில் சுத்தத்தின் பங்கு சிறிது. பெரும்பங்கு ஒரு பாக்டீரியாவிடம் இருக்கும் ஒரு நொதிக்கு. அதைப் புரிந்துகொண்டால் எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சுரந்த கணத்தில் வேர்வைக்கு வாடையே கிடையாது. உடம்பெங்கும் உள்ள சுரப்பிகள் தருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அக்குள், பிறப்புறுப்புப் பகுதி, முலைக்காம்பைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் அப்போகிரைன் என்ற வேறு வகைச் சுரப்பி இருக்கிறது. பருவமெய்தும் வயதில்தான் அது விழிக்கும். ஆறு வயதுச் சிறுமி நாளெல்லாம் வெயிலில் ஆடிவிட்டு வந்தாலும் அக்குள் வீசாததற்குக் காரணம் அதுதான். இந்தச் சுரப்பி வெளியே விடும் பொருளில் கந்தகம் கொண்ட ஒரு மூலக்கூறு, சிஸ்டீன், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களோடு கட்டுண்டு கிடக்கிறது. கட்டுண்டு கிடக்கும்வரை அது ஆவியாகாது, மூக்குக்கும் எட்டாது. திண்டுக்கல் வெங்காய மார்க்கெட்டில் மூட்டையிலிருக்கும் முழு வெங்காயம் எப்படியோ அப்படி. வெங்காயத்திலும் கந்தகப் பொருள் சிஸ்டீனோடு பிணைந்து ஓர் அறையில் இருக்கிறது. அதை வெட்டும் நொதி அதே செல்லில் வேறோர் அறையில் இருக்கிறது. அரிவாள்மனை இரண்டு அறைகளையும் உடைத்த பிறகுதான் இரண்டும் கலந்து கண் எரிகிறது. அக்குளில் அரிவாள்மனையாக வேலை செய்வது ஸ்டஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா. கட்டுண்ட மூலக்கூறை அது தன் செல்லுக்குள் இழுத்து, முதலில் கிளைசினைக் கழற்றி, பிறகு சிஸ்டீனையும் வெட்டி எடுத்துக்கொண்டு, வேண்டாத கந்தகத் துண்டை வெளியே தள்ளிவிடுகிறது. நம் மூக்குக்கு வருவது அந்தக் கழிவு. ஒரு லிட்டர் காற்றில் சில பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்து அதில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். உள்ளே இழுக்கும் வாசலை 2018-லும், வெட்டும் நொதியை 2020-லும் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தினர் விளக்கினார்கள். வெங்காய நொதி, பாக்டீரியா நொதி இரண்டுமே வைட்டமின் பி6-இலிருந்து வரும் ஒரே துணைப்பொருளை வைத்துக்கொண்டுதான் வெட்டுகின்றன. செடிக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரே ஆயுதம்! பாக்டீரியாவின் நொதிக்கு வயது ஏறக்குறைய ஆறு கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதன் வருவதற்கு வெகுகாலம் முன்பே அரிவாள்மனை தயாராகிவிட்டது. கந்தகம் மட்டுமே கதை அல்ல. கொரினிபாக்டீரியம் என்ற இன்னொரு கூட்டம் வேறு மூலக்கூறுகளை வெட்டி ஆட்டு வாடை கலந்த அமிலங்களை உண்டாக்குகிறது.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால், மூலப்பொருள் வேர்வைக்கு வந்து சேருவதே இல்லை. மார்க்கெட்டுக்கு வெங்காயமே வராதபோது அரிவாள்மனை என்ன செய்யும்? இந்த மாற்றம் நமக்கு உண்டா என்று பார்க்கப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை, காதுக் குறும்பி சொல்லிவிடும்: பொடியாக உதிர்ந்தால் இருவரிடமிருந்தும் மாற்றம் வந்திருக்கிறது, பிசுபிசுத்தால் அப்படி இல்லை. கிழக்காசியாவில் பெரும்பாலோருக்கு உலர்ந்த குறும்பி. ஐரோப்பாவில் அது அபூர்வம். தெற்காசியாவில் இரண்டும் கலந்திருக்கின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 6,495 பெண்களின் மரபணுவைப் பார்த்து 2013-இல் வந்த ஆய்வில், 117 பேருக்கு அக்குள் வாடையே வராத வகை இருந்தது. அந்த 117 பேரில் 26 பேர்தான் டியோடரன்டைத் தொடாதவர்கள். மற்றவர்கள் இல்லாத வாடைக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாடையைவிட வாடை பற்றிய பயத்துக்குத்தான் சந்தை பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்ற பழங்கதையை நீட்டத் தேவையில்லை. 1919-இல் ஓடோரோனோ என்ற அமெரிக்க வேர்வைத் தடுப்பானுக்கு ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. உன்மீது வாடை வீசுவது உனக்குத் தெரியாது, ஆனால் ஆண்கள் விலகிப்போவார்கள் என்பது அதன் சாரம். கோபத்தில் இருநூறு பேர் சந்தாவை நிறுத்தினார்கள். விற்பனையோ ஓராண்டில் இரட்டிப்பைத் தாண்டியது. நம் நாட்டில் 2011-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே தலையிட வேண்டிய அளவுக்கு டியோடரன்ட் விளம்பரங்கள் ஆபாசமாகிப் போயின. சரக்கு மாறலாம், உத்தி அதேதான்.

அறிவியல் செய்திகளும் இதில் சளைத்தவை அல்ல. பெண்களின் வேர்வையில் கந்தக மூலப்பொருள் ஒப்பளவில் கூடுதல் என்று சுவிட்சர்லாந்தில் ஓர் ஆய்வு 2009-இல் சொன்னது. "பெண்கள் வெங்காயம், ஆண்கள் பாலாடைக்கட்டி" என்று செய்தித்தாள்கள் குதித்தன. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் இரு பாலாரும் சேர்ந்து ஐம்பது பேர்கூட இல்லை. வெங்காய உவமையை இவ்வளவு நேரம் இழுத்த நானும்கூட அதை வைத்துப் பெண்குலத்துக்கே முத்திரை குத்த மாட்டேன். எதிர்பாலரை ஈர்க்கும் என்று சொல்லி 'பெரோமோன்' சென்ட் விற்பவர்களுக்கு வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தையைக் காட்டலாம். வெள்ளாட்டுக் கிடாவின் தலைப்பகுதியிலிருந்து வரும் 4-எத்தில்ஆக்டனால் என்ற ஒரே பொருள், பெட்டை ஆட்டின் மூளையில் இனப்பெருக்க ஹார்மோனை முடுக்கிவிடுகிறது என்று ஜப்பானியர்கள் 2014-இல் காட்டினார்கள். சந்தையில் மூக்கைத் துளைக்கும் மொச்சை வாடை அதன் உறவுக்கார அமிலம்தான். மனிதரிடம் இப்படி நிரூபணமான பொருள் ஒன்றுகூடக் கிடையாது. பாட்டில்மேல் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது வெறும் வாசனைத் திரவம்.

ஆகவே செய்ய வேண்டியது வெட்டும் வேலையைத் தடுப்பது. வெறும் வாசனைத் தெளிப்பு, நறுக்கிய வெங்காயத்துக்குப் பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றுவதற்குச் சமம். அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துவது, முடியைக் குறைப்பது, ஜாக்கெட்டை ஒரு நாளைக்கு மேல் போடாமலிருப்பது ஆகியவை பலன் தரும். துணியும் முக்கியம்: பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தினர் 26 பேரை உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்ததில் (இதுவும் சின்ன ஆய்வுதான்) பருத்தியைவிட பாலியஸ்டர் சட்டையே அதிகம் நாறியது. வேர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பு, சுரப்பியின் வாயைத் தற்காலிகமாக அடைக்கும்; வேர்வை குறைந்திருக்கும் இரவில், உலர்ந்த தோலில் பூசினால்தான் நன்றாகப் பிடிக்கும். சலூன் படிகாரமும் அலுமினிய உப்புதான். அதையே 'அலுமினியம் இல்லாதது' என்று பளபளக் கட்டியாக விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். வேர்வையை அடைத்தால் நச்சு உள்ளே தங்கிவிடாதா என்று கேட்பார்கள். நச்சை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். அக்குளுக்கு அந்த வேலை கிடையாது. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பெண்ணுறுப்பின் உட்பகுதியை வாசனைத் திரவம் ஊற்றிக் கழுவக் கூடாது. அங்கே அமிலத்தன்மையைக் காக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்துபோகும். மீன் வாடையோடு வெள்ளைப்பட்டால் அது தொற்றாக இருக்கலாம். பெண் மருத்துவரிடம் போனால் மருந்து இருக்கிறது. உடல் வாடை திடீரென மாறினாலும், காரணமின்றி வேர்த்துக் கொட்டினாலும் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் சோதித்துவிடுவது நல்லது.

கடைசியாக, வேர்வைத் தடுப்பான் மார்பகப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்ற வாட்ஸ்அப் செய்தி. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டு 2002-இல் வந்த ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஆனால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும் நாளன்று மட்டும் அக்குளில் எதையும் பூசாமல் போங்கள்: அலுமினியத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள்போலத் தெரிந்து டாக்டரை வீணாகக் குழப்பும்.