பிரித்தால் பொருள், கலந்தால் குப்பை

மறுசுழற்சி ஆலையில் அன்று, நம் சமையலறையில்தான் தொடங்குகிறது. உலர்ந்த செய்தித்தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைபோட்டுப் பணம் தருவார். குழம்பு பட்டுவிட்டால் அதே தாளை அவர் தொடமாட்டார்.

வீட்டுக் கழிவைப் பிரித்தே வழங்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தன. தொடங்குவதற்கு இரண்டு கூடைகளும் ஒரு பையும் போதும். காய்கறித் தோல், மீந்த உணவு ஆகியவை ஈரக் கழிவுக் கூடைக்கு. தாள், பிளாஸ்டிக், உலோகம் ஆகியவை உலர் கழிவுக் கூடைக்கு. பழைய பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து ஆகியவை பைக்கு. பால் உறையை அலசி, உலர்த்திய பின்னரே கூடையில் இடுங்கள். உடைந்த கண்ணாடியையும் பயன்படுத்திய நாப்கினையும் தாளில் தனித்தனியே சுற்றிக் கொடுங்கள். அவற்றை எடுப்பவை தூய்மைப் பணியாளரின் கைகள்.

இதன் பயனுக்கு இந்தூர் நகரமே சான்று. வீடுதோறும் பிரித்துப் பெறப்படும் ஈரக் கழிவிலிருந்து எரிவாயு தயாரிக்க, நாளொன்றுக்கு 550 டன் கொள்திறனுள்ள ஆலை 2022இல் அங்கே திறக்கப்பட்டது. அந்த எரிவாயு நகரப் பேருந்துகளுக்கும் எரிபொருளாகிறது.

சேமிப்பைப் போலவே இதுவும் சிறிதாகத் தொடங்கி வழக்கமாவது. இன்றே இன்னொரு கூடையை வையுங்கள்.