பெரிய டர்போசார்ஜரும் சிறிய வண்டியும்

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்தும் கருவியே டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியியலறிஞர் ஆல்ஃபிரட் பூச்சி இம்முறைக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், திறன் பெருகும்.

ஆயின், சிறிய வண்டியில் பெரிய டர்போசார்ஜரைப் பொருத்துவதால் மட்டும் பயன் கிட்டிவிடாது. பெரிய சக்கரத்தைச் சுழற்ற மிகுதியான வாயு வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அது கிடைப்பதில்லை. 1973-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ, 2 லிட்டர் எஞ்சினிலிருந்து 170 குதிரைத் திறன் தந்தது. எனினும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 சுற்றுகள் வரை மந்தமாயிருந்து, பின் திடீரெனப் பாய்ந்தது. ஈரமான சாலை வளைவில் இது விரும்பத்தக்க குணமன்று. சில ஆண்டுகளுக்குப் பின் சாப் நிறுவனம் தன் 99 டர்போவில், மிகுதி வாயுவை வேறு வழியே விடும் வால்வுடன் சிறிய சக்கரத்தையே அமைத்தது. திறன் 145 தான். ஆனால் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைத்தது.

இன்னொரு தடை வெப்பம். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சூடாவதை மாணவர் அறிவர். அழுத்தப்படும் காற்று சூடேறுகிறது. அதனால் பெட்ரோல் கலவை, தீப்பொறியின் சுடர் எட்டுமுன் தானே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கக்கூடும். இதனைத் தவிர்க்கவே 2002 டர்போவின் அமுக்க விகிதம் 6.9 ஆகக் குறைக்கப்பட்டது; டர்போ இல்லாத 2002 டிஐஐ வண்டியில் அது 9.5. இன்று பெரிய டர்போசார்ஜர் பொருத்துவோர் காற்றுக் குளிர்விப்பான், எரிபொருள் அளவு, தீப்பொறி நேரம் ஆகியவற்றையும் உடன் மாற்றுவது இதன் பொருட்டே.